மிச்சம் கணக்கில் வராது

ஒன்றே முக்கால் கிலோவா? தராசை நேராகப் பிடியுங்கள் அம்மா. கை ஆடினால் முள்ளும் ஆடும். முப்பத்து மூன்று வருஷம் நெல் கிடங்கில் எடை பார்த்தவன் நான்.

சரி. ஒன்றே முக்கால்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? ஒற்றை ஆள், ஒரு நாளைக்கு இத்தனை சோறும் காயுமா என்றுதானே? குப்பை வண்டிக்காரம்மாவும் இதைத்தான் கேட்கிறாள். "என்ன தாத்தா, நேத்து வீட்ல விசேஷமா?" என்கிறாள். தினம் ஒரு கிண்டல். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். மாநகராட்சியிலிருந்து சோற்றுக் குப்பைக் கணக்கு எடுக்க வந்து நாலு நாளாகக் குனிந்து என் வாளியை எடை போடுகிறீர்கள். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

உங்கள் நோட்டீஸைப் படித்தேன். ஒரு கிலோ அரிசி விளைய இரண்டாயிரம் மூவாயிரம் லிட்டர் தண்ணீர். கொட்டின சோறு குப்பை மேட்டில் மக்கி வாயுவாகிறது, அந்த வாயு பற்றிக்கொள்கிறது, வெயில் கூடுகிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு அது புதிது இல்லை. நான் வயல்காரன் மகன். கிடங்கில் மழையில் நனைந்து முளைவிட்ட மூட்டைகளை என் கையால் பிரித்திருக்கிறேன். ஒரு தடவை எழுநூறு மூட்டை. புழுங்கின நாற்றம் மூன்று நாள் சட்டையை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன். என் வீட்டில் ஒரு பருக்கை வீணாகக் கூடாது.

வீணானதும் இல்லை. போன ஆவணி வரைக்கும்.

ஆவணியில் அவள் போய்விட்டாள். தனபாக்கியம். என் மனைவி. அன்றையிலிருந்து என் மகள் மேகலா இந்த வாசற்படி ஏறவில்லை. அம்மாவைக் கொன்றது நான்தான் என்கிறாள். போன் போட்டால் எடுப்பதில்லை. ஒரே பெண். நீங்கள் நடுவில் இருக்கிறவர். எடை போடுகிறவர். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நான் செய்ததில் என்ன தப்பு என்று.

நடுவில் பேசாதீர்கள். எனக்கு விட்டுப்போகும்.

எங்கள் வீட்டில் இரண்டு சட்டம். ஒன்று, சோற்றுப் பானையை ராத்திரி வழித்து வைக்கக் கூடாது. ஒரு ஆள் சாப்பாடாவது அடியில் இருக்க வேண்டும். பானை காலியாக இருந்தால் வீடு விளங்காது. என் அம்மா காலத்திலிருந்து இருக்கிற பழக்கம், நான் மாற்றவில்லை. இரண்டு, எதையும் கொட்டக் கூடாது.

கொரடாச்சேரிப் பக்கம் இருந்தவரைக்கும் இதில் ஒரு சிரமமும் இல்லை. கொல்லையில் கழனித் தொட்டி. எருமைக்காரி காலையில் வந்து அள்ளிக்கொண்டு போவாள். ரிட்டையர் ஆகி இந்தக் காலனியில் வீடு கட்டி வந்தோம். இங்கே மாடு ஏது? வாசலில் ஒரு நாய்கூட நிற்பதில்லை, எல்லாம் இரும்புக் கேட் போட்ட வீடு. முதல் வாரமே கேட்டாள், மிஞ்சினதை என்ன செய்வது என்று. என்ன செய்வதென்று உனக்குத் தெரியாதா என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டாள். பதினாலு வருஷம் பார்த்துக்கொண்டாள். இந்த வாளி அப்போது வெங்காயத் தோலுக்கும் முட்டை ஓட்டுக்கும்தான்.

கெட்டிக்காரி. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குச் சாப்பாடு நாலு வகை வேண்டும். குழம்பு, ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல். அது ஒரு குற்றமா? வேறு கெட்ட பழக்கம் கிடையாது. பீடி கிடையாது, சீட்டு கிடையாது. காய் நானே வாங்குவேன். சந்தை கலைகிற நேரம் போனால் அள்ளிக் கொடுப்பார்கள். ஒரு கிலோ கத்தரிக்காய்க் காசில் மூன்று கிலோ. விட்டுவிட்டு வருவதா? நான் வாங்காவிட்டால் அங்கேயே கொட்டிவிட்டுப் போவான். ஆக, அங்கேயும் வீணாகாமல் காப்பாற்றினவன் நான். பையை இறக்கினால் அவள் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒரு தடவை மட்டும், ரெண்டு பேருக்கு இவ்வளவு எதுக்குங்க என்றாள். ஃபிரிட்ஜ் எதற்கு இருக்கிறது என்றேன்.

நேற்று வைத்தது எனக்கு ஆகாது. வயிறு. அதனால் எனக்கு அன்றன்றைக்கு வைத்ததுதான்.

இந்தத் தெருவில் என்னைப் பருக்கைத் தாத்தா என்பார்கள். தெரியும். காதில் விழுந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் சித்திரையில் ஊருக்கு வெளியே குப்பை மேடு பற்றிக்கொண்டதே, ஒன்பது நாள் எரிந்ததே, அப்போது வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அங்கே எரிகிறது உங்கள் வீட்டுச் சோறு, நீங்கள் கொட்டின இட்லி, உங்கள் பையன் கடித்துப் போட்ட பரோட்டா, அதுதான் உங்கள் மூக்கில் ஏறுகிறது என்று. ஒருத்தன் கதவைச் சாத்தினான். ஒருத்தி, உங்க வீட்ல மட்டும் குப்பையே இல்லையா சார் என்றாள். வாளியைக் கொண்டுவந்து காட்டினேன். வெங்காயத் தோல். உள்ளே போய்விட்டாள். அந்தப் புகையில் தனபாக்கியம் ராவும் பகலும் இருமினாள். ஊரார் கொட்டினதற்கு இவள் இருமினாள் பாருங்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது அந்தச் சமயம்தான். இருமலுக்குப் போன இடத்தில் ரத்தம் எடுத்தார்கள். முன்னூற்றுப் பத்து.

டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் காய். ராத்திரியும் அதே. அரிசிச் சோறு கூடாது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இன்னும் இருக்கிறது பாருங்கள், மஞ்சளாகிவிட்டது. அவள் இஷ்டத்துக்கு விடவில்லை. நானே பரிமாறினேன். இரண்டு சப்பாத்தி என்றால் இரண்டு. கிண்ணம் என்றால் கிண்ணம், தலை தட்டி. நான் பார்க்க உட்கார்ந்து சாப்பிடுவாள். மாத்திரை நானே எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவு செய்தேன்.

சர்க்கரை இறங்கவில்லை.

மூன்று மாசம் கழித்துப் போனோம். முன்னூற்று நாற்பது. மாத்திரையைக் கூட்டினார். மறுபடியும் போனோம். அதே. டாக்டர் என்னைப் பார்த்தார். வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். நீங்கள் எழுதிக் கொடுத்ததுதான், ஒரு வாய் கூடக் கிடையாது என்றேன். அவளைக் கேட்டார். அவளும் அதையேதான் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்றார். ஆமாங்க என்றாள். பொய் சொல்கிறவள் இல்லை அவள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறாள் என்று. வேறு எப்படி ஏறும்? சர்க்கரை டப்பாவை, வெல்லத்தை, எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். காபிக்குச் சர்க்கரை வேண்டுமென்றால் நான்தான் திறக்க வேண்டும். மாடி வீட்டம்மாவைக் கூப்பிட்டு, இவள் கேட்டால் எதுவும் கொடுக்காதீர்கள் என்று இவள் எதிரிலேயே சொன்னேன். தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அறுபத்திரண்டு வயதில். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

பிறகு ஒரு நாள். நான் காலை ஒன்பதரைக்கு வாசகசாலைக்குப் போவேன், பன்னிரண்டுக்கு வருவேன். அன்றைக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பினேன். சமையலறையில் அவள். நின்றுகொண்டு. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கையில் ஏனம். வேகம் வேகமாக அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். என்ன அது என்று ஒரு அதட்டல். தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. ஏனத்தை நீட்டினாள்.

"நேத்தையச் சோறுதாங்க. முந்தாநாள் வத்தக்குழம்பும் கொஞ்சம் கெடந்துச்சு. கொட்டிரவா?"

பார்த்தேன். ஒரு இனிப்பும் இல்லை. வெறும் மிச்சம். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"எதுக்குக் கொட்டணும்?" என்றேன்.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவள்மேல் சந்தேகப்பட்டோமே என்று வழியெல்லாம் வருத்தம். திரும்பி வந்து கேட்டேன், சாப்பிட்டாயா என்று. இன்னும் சாப்பிடலீங்க என்றாள். சப்பாத்தி இரண்டு எடுத்து வைத்தேன். சாப்பிட்டாள்.

என்ன அம்மா பார்க்கிறீர்கள்? நீங்கள் உங்கள் வீட்டில் மிஞ்சினதை வாயில் போட்டுக்கொள்வதில்லையா? அதைச் சாப்பாடு என்று யாராவது சொல்வார்களா? இலை போட்டு உட்கார்ந்தால் சாப்பாடு. அது மிச்சம். என் அம்மாவும் அப்படித்தான், உங்கள் அம்மாவும் அப்படித்தான். டாக்டர் கேட்டது என்ன சாப்பிடுகிறார்கள் என்று. கேட்டதற்குப் பதில் சொன்னோம்.

தையில் அவள் இடது கால் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம். செருப்புக் கடி. ஆறவில்லை. மாசியில் விரல் கறுத்தது. எடுத்தார்கள். அதற்குள் உள்ளங்கால் போயிருந்தது. ஆடியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கையெழுத்து நான்தான் போட்டேன். எடுத்த காலை என்ன செய்வீர்கள் என்று நர்ஸிடம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். அங்கே சர்க்கரை இறங்கிவிட்டது. நூற்று ஐம்பது. நூற்று நாற்பது. டாக்டர் தாளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "இங்க எறங்குது, வீட்ல ஏன் எறங்கல?" என்றார். மருந்து நல்ல மருந்தாக இருக்கும் என்றேன். அதே மருந்துதான் என்றார். எனக்கென்ன தெரியும்? நான் நெல்லுக்கு டாக்டர்.

அந்தப் பதினெட்டு நாளும் மேகலா வந்து இருந்தாள். கரூரில் இருக்கிறாள், ஸ்கூல் டீச்சர். காலையில் சமைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவாள். பானை வழிக்காத சட்டம் அவளுக்கும் தெரியும், நான் சொல்லித்தான் வளர்ந்தவள். மூன்று டம்ளர் அரிசி போட்டாள், அவள் அம்மா போடுகிற அளவு. நாலாம் நாள் ஃபிரிட்ஜைத் திறந்தால் கையை விட இடமில்லை. கிண்ணம்மேல் கிண்ணம். எடுத்துக் கொட்டப் போனாள். விடுவேனா? பிடுங்கித் திரும்ப வைத்தேன். இத்தனை வருஷம் உன் அம்மா ஒரு பருக்கை கொட்டினது உண்டா என்று கேட்டேன்.

அவள் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப இதெல்லாம் எங்கப்பா போச்சு?"

உன் அம்மா கெட்டிக்காரி, உனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தினம் அரை டம்ளர் அரிசி போட ஆரம்பித்தாள். பானை காலியாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. நோயாளி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது பானையை வழித்துக் கவிழ்ப்பதா? அவள் கிளம்பின பிறகு நானே இன்னொரு உலை வைத்தேன். எனக்கும் சமைக்க வரும். வைத்ததில் மிஞ்சினதைக் கிண்ணத்தில் எடுத்து மூடி, ஃபிரிட்ஜில். பதினாறு கிண்ணம் சேர்ந்தது. நடுவில் டிரான்ஸ்பார்மர் கெட்டு ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. அது என் குற்றமா?

ஆவணி நாலாம் தேதி அவளைக் கூட்டி வந்தோம். சக்கர நாற்காலியில். மேகலா இரண்டு நாள் இருந்தாள். போகும்போது ஃபிரிட்ஜில் உள்ளது எதையும் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பிள்ளைக்கு என்னவோ பரீட்சை, ஒரு வாரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள். நான் கொடுக்கவில்லை அம்மா. சத்தியமாக நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

தனபாக்கியம் தானாகத்தான் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். ஃபிரிட்ஜைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். பதினாறு கிண்ணத்தையும் மேலிருந்து கீழே பார்த்தாள்.

"ஒண்ணையும் கொட்டலை. நீ வந்து பாத்துக்குவேன்னு வெச்சிருக்கேன்" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு, "ஒரு கரண்டி எடுங்க" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். அது மட்டும்தான் நான் கொடுத்தது.

சப்பாத்தியையும் விடாமல் வைத்தேன். வேளை தவறாமல், தாளில் இருக்கிறபடி. மேகலா போன மூன்றாம் நாள் காலையில் வயிறு போக ஆரம்பித்தது. நிற்கவில்லை. வாந்தி. ஒற்றைக் காலோடு அவளைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. மாடி வீட்டுக்காரர் வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர். கெட்டுப் போனது, பழசு, ஏதாவது சாப்பிட்டார்களா என்று கேட்டார். ஐந்து கிண்ணம் தீர்ந்திருந்தது எனக்குத் தெரியும். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"இல்லை டாக்டர். அவ சப்பாத்தி மட்டும்தான் சாப்பிட்டா" என்றேன்.

வேறு என்ன சொல்வது? அவர் கேட்டது சாப்பாட்டை.

மறுநாள் மத்தியானம் முடிந்துவிட்டது. குளுகோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தது. உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். மேகலா கரூரிலிருந்து வந்து அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை. நேரே சமையலறைக்குப் போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. துக்க வீட்டில் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து வந்தாள். அம்மா தலைமாட்டிலிருந்து வரிசையாகத் தரையில் வைத்தாள். பதினோரு கிண்ணம். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்தாள். பூசணம் பூத்திருந்தது. பச்சை, கறுப்பு, ஒன்றில் ரோஜா நிறம். அந்த நாற்றம். நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். எனக்கு அந்த நாற்றம் தெரியும். எழுநூறு மூட்டை நாற்றம். ஒரு கைப்பிடி நெல்லில் ஒரே ஒரு சொத்தை இருந்தாலும் மோந்து சொன்னவன் நான். கிடங்கில் கேட்டுப் பாருங்கள். தினம் அந்த ஃபிரிட்ஜை நாலு தடவை திறந்திருக்கிறேன். எனக்கு ஏன் தெரியவில்லை என்றுதான்...

அதை விடுங்கள்.

"இது யாருக்குப்பா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். எல்லார் எதிரிலும்.

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அம்மாவுக்கு" என்றேன்.

அவ்வளவுதான். அம்மாவை எடுத்ததும் கிளம்பிவிட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட அவள் வீட்டுக்காரர் மட்டும் வந்தார்.

அந்தப் பதினோரு கிண்ணத்தையும் மாடி வீட்டம்மா இந்த வாளியில் கவிழ்த்தாள். அன்றைக்குத்தான் இந்த வீட்டிலிருந்து முதல் முதலாகச் சோறு வெளியே போனது. குப்பை வண்டியில் போவதை வாசலில் நின்று பார்த்தேன். இப்போது அந்த மேட்டில்தான் எங்கேயோ இருக்கும். எரிந்தால் புகை இங்கேதான் வரும்.

இப்போதும் மூன்று டம்ளர்தான் போடுகிறேன். குறைத்துப் பார்த்தேன், கை வரவில்லை. பானை காலியாக இருந்தால் தூக்கம் வருவதில்லை. சந்தைக்கும் போகிறேன். வேறு எங்கே போவது? நேற்றையது எனக்கு ஆகாது, அதை முன்னமே சொன்னேன். ஆக, மிஞ்சுகிறது. ஒன்றே முக்கால். இரண்டு. நேற்று இரண்டு கிலோ நூறு, நீங்கள்தான் எழுதினீர்கள். தினம் காலையில் இந்தக் கையால் கொட்டுகிறேன்.

இதில் என் தப்பு என்ன என்று சொல்லுங்கள். பரவாயில்லை, சொல்லுங்கள்.

சரி, வேண்டாம். உங்களுக்கு அடுத்த வீடு இருக்கும். தாளைப் பூர்த்தி செய்துவிட்டுப் போங்கள். கீழே ஒரு கட்டம் இருக்கிறதே, நாலு நாளாகக் காலியாக விட்டிருக்கிறீர்களே. உணவு வீணாவதற்குக் காரணம். கொடுங்கள், பார்க்கிறேன். அதிகமாகச் சமைத்தது. கெட்டுப்போனது. ருசி பிடிக்காதது. விருந்தினர் வராதது. இதில் எதுவும் இல்லை அம்மா. இதர காரணம் என்று கடைசியில் கோடு போட்டிருக்கிறார்கள் பாருங்கள், அதில் எழுதுங்கள்.

மிச்சம் சாப்பிட ஆள் இல்லை.

என்ன, பேனாவை மூடுகிறீர்கள்? எழுதுங்கள்.